முன்பள்ளியின் தரத்தை நிர்ணயிப்பது யார்?

முன்பள்ளி இல்லாத கிராமம் இன்று எமது நாட்டில் அரிது. ஆலய வளவில், சனசமூக நிலையத்தின் பின்புறத்தில், கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில், மாதர் சங்கம் போட்ட கொட்டிலில் என எங்காவது ஓரிடத்தில் காலை வேளையில் இருபது முப்பது சிறுவர்களின் குரல் கேட்கும். 2016 இல் நடைபெற்ற நாடளாவிய கணக்கெடுப்பின்படி இலங்கையில் 19,000 இற்கும் மேற்பட்ட முன்பிள்ளைப் பருவ நிலையங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தனியாராலும் சமய, சமூக நிறுவனங்களாலும் நடத்தப்படுபவை.

இப்பெரும் பணியைச் சுமப்பவர்கள் யார் என்று பார்த்தால், அநேகமாக உயர்தரம் வரை படித்த ஊர்ப் பெண்பிள்ளைகளே. அவர்கள் பெறுவதைச் சம்பளம் என்று எவரும் சொல்வதில்லை. வேதனம், கொடுப்பனவு, ஊக்குவிப்புத் தொகை என்று வெவ்வேறு பெயர்களால் அழைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் ஒரு குடும்பத்தை நடத்த அது போதாது. திருமணமாகிப் போகும் வரை, ஆடைத் தொழிற்சாலையில் இடம் கிடைக்கும் வரை, வேறொரு அரச நியமனம் வரும் வரை என்று நாட்களைக் கடத்துவோர் பலர். அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அதை எப்படி விளங்கிக்கொள்ளும்? நேற்று வரை மடியில் அமர்த்திப் பாட்டுச் சொல்லித் தந்த 'ரீச்சர்' இன்று இல்லை. புதியவரின் முகம் பழகும் வரை அழுகை. பழகிய சில மாதங்களில் அவரும் இல்லை.

முன்பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பரிசீலிக்க வருபவர்கள் நிலத்தின் பரப்பை அளக்கிறார்கள், மலசலகூடத்தைப் பார்க்கிறார்கள், வேலி உண்டா, கிணற்றுக்கு மூடி உண்டா என்று கேட்கிறார்கள். இவை வேண்டியவைதாம். மூடியில்லாத கிணற்றருகே பிள்ளைகளை விட எவரும் விரும்பார். எனினும் வேலியும் கூரையும் பிள்ளையோடு பேசுவதில்லை. பிள்ளையோடு பேசுபவரின் அறிவு, பயிற்சி, ஊதியம், நிலைப்பாடு ஆகியவற்றைப் பற்றி அப்படிவங்கள் அதிகம் கேட்பதில்லை. வைத்தியர்களுக்கு ஒரு சங்கமும் ஒழுக்கக் கோவையும் உண்டு, சட்டத்தரணிகளுக்கும் உண்டு. மனித வாழ்வின் மிக மென்மையான பருவத்தைக் கையாள்பவருக்கு அவ்வாறான ஒன்று வேண்டாமா?

இக்கேள்வியை வேறு நாட்டவர்கள் எமக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் அமெரிக்க ஆசிரியைகளின் அனுபவத்தை இங்கு சற்று விரிவாக நோக்குவோம். அது செல்வந்த நாடு, எமக்கும் அவர்களுக்கும் என்ன ஒப்பு என்று வாசகர்கள் கேட்கலாம். பணத்தில் ஒப்பு இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கிய இடம் நாம் இன்று நிற்கும் இடத்துக்கு மிகவும் அண்மையில் இருந்தது.

ஒரு சங்கம் பிறந்த கதை

1920களில் அமெரிக்க நகரங்களில் பாலர் பள்ளிகள் மழைக்காலக் காளான்களைப் போலத் தோன்றின. யாரும் திறக்கலாம், எதையும் கற்பிக்கலாம் என்ற நிலை. இதைக் கண்டு கவலை கொண்டவர்களுள் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் பேராசிரியை பட்டி ஸ்மித் ஹில். (பிறந்தநாள் தோறும் கேக் வெட்டும்போது நாம் பாடும் ஆங்கிலப் பாட்டின் மெட்டு இவருடைய சகோதரி மில்ட்ரெட் அமைத்தது. முதலில் அது பாலர் வகுப்பில் காலை வணக்கம் கூறும் பாட்டாக, பட்டி எழுதிய சொற்களோடு, 1893 இல் வெளிவந்தது.) அவர் இத்துறையில் ஈடுபட்டவர்களை ஒன்றுகூட்டினார். 1926 இல் தொடங்கிய அம்முயற்சி பாலர் கல்விக்கான தேசிய சங்கமாக உருப்பெற்றது. 1964 இல் அதன் பெயர் சிறு பிள்ளைகளின் கல்விக்கான தேசிய சங்கம் என்று மாற்றப்பட்டது. அப்பெயரிலேயே இன்றும் இயங்குகிறது.

இச்சங்கம் தன் தொடக்க காலத்திலேயே, 1929 இல், வெளியிட்டது ஒரு பாலர் பள்ளிக்கு ஆகக் குறைந்தது என்னென்ன வேண்டும் என்பதைக் கூறும் ஒரு சிறு நூலாகும். அரசு கேட்டு எழுதியதன்று. வேலையைச் செய்தவர்களும் அவர்களைப் பயிற்றியவர்களும் தாமாகவே எழுதினார்கள். 1933 இல் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியபோது, வேலையற்ற ஆசிரியர்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கில் அரசாங்கம் திடீரெனப் பாலர் பள்ளிகளைத் திறந்தது. அந்த ஆசிரியர்களுட் பலர் சிறு பிள்ளைகளோடு பழகியவர்கள் அல்லர். பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் ஆட்கள் தேவைப்பட்டபோது சங்கத்தினர் முன்வந்து உதவினர். முன்பே தமது அறிவை எழுதி வைத்திருந்தமையால் தேவை வந்த நேரத்தில் அவர்களால் உதவ முடிந்தது.

1965 இல் வறிய குடும்பப் பிள்ளைகளுக்காக 'ஹெட் ஸ்ரார்ட்' என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. முதற் கோடையிலேயே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தனர். இவ்வளவு பேருக்குப் பட்டதாரி ஆசிரியர்களை எங்கே தேடுவது? ஊர்த் தாய்மாரையே பயிற்றி வேலைக்கு அமர்த்தினார்கள். பட்டம் இல்லாத இவர்களது திறமையை அங்கீகரிப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு விடையாக 1975 இல் ஒரு தகைமைச் சான்றிதழ் வழங்கத் தொடங்கினர். அதைப் பெறுவதற்குப் பரீட்சை மண்டபத்தில் எழுதினால் போதாது. வகுப்பில் பிள்ளைகளோடு அவர் எப்படிப் பழகுகிறார் என்பதை நேரிற் பார்த்து மதிப்பிட்டார்கள். தொடக்க காலத்தில் மதிப்பிடும் குழுவில் பெற்றாரின் பிரதிநிதி ஒருவருக்கும் இடமிருந்தது. எமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுவே. தன் பிள்ளை பள்ளிக்குப் போக விரும்புகிறதா, அழுகிறதா என்பதை ஊர்த் தாயைவிட நன்கு அறிந்தவர் யார்?

பின்னர் 1985 இல் சங்கம் நிலையங்களுக்குத் தரச் சான்று வழங்கும் முறையைத் தொடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது அதன் வழிமுறை. வெளியார் ஒருவர் திடீரென வந்து பிழை பிடிப்பதில்லை. முதலில் நிலையத்தின் ஆசிரியைகளே நியமங்களை முன்வைத்துத் தம்மைத் தாம் ஆராய்கிறார்கள். பெற்றாரிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. குறைகளைத் திருத்த அவகாசம் உண்டு. இவற்றுக்குப் பின்னரே வெளியிலிருந்து வருபவர் பார்வையிடுகிறார்.

நியமங்களுள் எண்களும் உண்டு. கைக்குழந்தைகள் நால்வருக்கு ஒருவர். நான்கு வயதுப் பிள்ளைகளாயின் பத்துப் பேருக்கு ஒருவர், ஒரு குழுவில் இருபதுக்கு மேற்படலாகாது. இந்த எண்கள் எழுந்தமானமாக வந்தவை அல்ல. முப்பது பிள்ளைகளுடன் தனியே நிற்கும் ஆசிரியையால் கட்டளையிடத்தான் முடியும்: இரு, எழும்பு, வாயை மூடு. ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வரும் கதையைக் கேட்டு அதற்கு மறுமொழி சொல்ல அவருக்கு நேரம் ஏது? பிள்ளையின் மொழி வளர்வது அந்த மறுமொழியிலேயே. ஆகவே எண்ணிக்கை என்பது ஒரு நிர்வாக விடயம் மட்டுமன்று; பிள்ளைக்கு எவ்வளவு பேச்சுக் கிடைக்கும் என்பதை அதுவே நிர்ணயிக்கின்றது.

1989 இல் சங்கம் ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. பிள்ளை, குடும்பம், சக ஊழியர், சமூகம் ஆகிய நான்கு தரப்பாருக்கும் ஆசிரியை கொண்டுள்ள பொறுப்புகளை அது கூறுகிறது. பிள்ளைக்குத் தீங்கு செய்யலாகாது என்ற விதி மற்றெல்லா விதிகளுக்கும் மேலாக வைக்கப்பட்டுள்ளது. இதன் பயனை எம்மூர் நிலைமையில் வைத்துப் பார்ப்போம். "அடித்தாவது எழுதப் பழக்குங்கோ ரீச்சர்" என்று ஒரு தகப்பன் சொல்கிறார். அவர் முகாமைக் குழுவிலும் செல்வாக்குள்ளவர். இருபத்திரண்டு வயது ஆசிரியை தனித்து நின்று "மாட்டேன்" என்று சொல்வது எளிதா? "எங்கள் சங்கத்தின் விதி இதற்கு இடமளிக்காது ஐயா" என்று அவரால் சொல்ல முடியுமானால் நிலைமை வேறு. அவருக்குப் பின்னால் பலர் நிற்கிறார்கள் என்பது தகப்பனுக்கும் விளங்கும்.

எழுதாமல் விட்டது

இவையெல்லாம் நன்றாகவே தோன்றும். ஆயினும் இக்கதையில் குறைகளும் உண்டு. தரச் சான்று பெறுவது கட்டாயமன்று. அதற்குக் கட்டணமும் உண்டு. எனவே அமெரிக்க நிலையங்களுள் மிகச் சிறு பங்கினவே அதைப் பெற்றுள்ளன. 1987 இல் சங்கம் வெளியிட்ட கற்பித்தல் வழிகாட்டி, வெள்ளையின நடுத்தர வகுப்புப் பிள்ளையையே எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவுகோலாகக் கொண்டுள்ளது என்ற கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1997 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குடும்பப் பண்பாட்டுக்கும் மொழிக்கும் கூடிய இடம் வழங்கப்பட்டது. பின்னரும் இருமுறை, 2009 இலும் 2020 இலும், அது திருத்தப்பட்டது. நியமம் என்பது கல்வெட்டு அல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

எல்லாவற்றிலும் பெரிய குறையை வெளிக்கொணர்ந்தது 1989 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. மார்சி வைற்புக் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் அற்லான்ரா, பொஸ்ரன், டிற்றொயிற், பீனிக்ஸ், சியாற்றில் ஆகிய ஐந்து நகரங்களில் 227 நிலையங்களை ஆராய்ந்தனர். ஊழியரின் சராசரி ஊதியம் மணித்தியாலத்துக்கு 5.35 டொலர். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 41 பேர் வேலையை விட்டு விலகினர். 1977 இல் இது நூற்றுக்கு 15 ஆக இருந்தது. ஊழியர் அடிக்கடி மாறிய நிலையங்களில் பிள்ளைகள் மொழி வளர்ச்சியிலும் பிறரோடு பழகும் திறனிலும் பின்தங்கியிருந்தனர். பராமரிப்பின் தரத்தை எது அதிகம் பாதிக்கிறது என்று பார்த்தபோது, ஊழியரின் வேலை நிலைமைகளுள் ஊதியமே முதலிடம் பெற்றது.

அதாவது அறுபது ஆண்டுகளாகப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கவனமாக எழுதியவர்கள், அதைக் கொடுக்கும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை அதே அழுத்தத்துடன் எழுதவில்லை. 1991 இல் ஆசிரியைகளே தகுந்த ஊதியம் கோரி ஓர் இயக்கத்தை ஆரம்பித்தனர். அப்பிரச்சினை அங்கு இன்னும் தீரவில்லை. நல்ல ஊதியம் கொடுத்தால் கட்டணம் உயரும்; கட்டணம் உயர்ந்தால் ஏழைப் பெற்றார் பிள்ளையை நிறுத்துவர்; கட்டணத்தைக் குறைத்தால் ஆசிரியை வேறு வேலை தேடுவார். இந்த முடிச்சைப் பெற்றாரும் ஆசிரியையும் மட்டும் அவிழ்க்க முடியாது. பொதுப் பணம் வந்தாலன்றி வேறு வழியில்லை என்பதே எமது கருத்து.

உலக மட்டத்திலும் இவ்வுணர்வு தாமதமாகவே வந்தது. சிறு பிள்ளைக் கல்விக்கான உலக அமைப்பு 1948 இல் பிராக் நகரில் அமைக்கப்பட்டது. சுவீடன் நாட்டவரான அல்வா மிர்டால் அதன் முதல் தலைவராக இருந்தார். ஆனால் இத்துறை ஊழியரின் வேலை நிலைமைகளுக்கென்று சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் வழிகாட்டல்கள் வந்தது 2013 இலேயே. ஒத்த தகைமையுடைய ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்குச் சமமான ஊதியம், பாட ஆயத்தத்துக்கும் சம்பளத்துடன் கூடிய நேரம் என்பன அதிற் கூறப்பட்டுள்ளன. அது எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. எனினும் கோரிக்கை வைக்கும்போது காட்டக்கூடிய ஒரு தாள்.

எமது நாட்டில்

எமது நாட்டிலும் சட்டங்களுக்கும் கொள்கைகளுக்கும் பஞ்சமில்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளைப் பதிவு செய்வதும் மேற்பார்வை செய்வதும் மாகாணங்களுக்குரியன. 1991 இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 2004 இல் முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பு, அபிவிருத்தி பற்றிய தேசியக் கொள்கை வந்தது. சிறுவர் செயலகத்தின் மூலம் பிள்ளைகளின் கற்றல், விருத்தி பற்றிய நியமங்களும் வகுக்கப்பட்டன. திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நெறியை நடத்துகிறது. தேசிய தொழில் தகைமை முறையிலும் முன்பள்ளி ஆசிரியருக்கு இடமுண்டு. 2015 இல் உலக வங்கி 5 கோடி டொலரை இத்துறைக்கு ஒதுக்கியது.

இவ்வளவும் இருந்தும், பெயர்ப்பலகையில் 'மொன்ரிசோரி' என்று எழுத இன்று எவரும் எவரிடமும் கேட்பதில்லை. மரியா மொன்ரிசோரி அம்மையார் 1944 இல் இலங்கைக்கு வந்து தாமே பயிற்சி நெறி நடத்தியவர். அவருடைய முறையில் எழுத்துக்கு முன் கைவிரல்களுக்கும் புலன்களுக்கும் பயிற்சி உண்டு. அப்பெயரைத் தாங்கிய பல இடங்களில் மூன்று வயதுப் பிள்ளைகள் கொப்பியில் ஆங்கில எழுத்துகளை வரி வரியாக எழுதிக் களைக்கிறார்கள். பெற்றாரும் கொப்பி நிறைந்திருந்தால் மகிழ்கிறார்கள். பெயரைப் பாதுகாக்கத் தொழில்சார் அமைப்பு ஒன்று வலுவாக இல்லாதபோது, பெயர் விற்பனைப் பொருளாகிவிடுகிறது.

ஊதியத்தை எவர் கொடுக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரு உதாரணங்களைக் கூறலாம். மலையகத்தில் முன்னர் 'பிள்ளைக்காம்பரா' என்றழைக்கப்பட்ட இடங்களில், தாய்மார் கொழுந்து பறிக்கச் சென்ற நேரத்தில் ஓர் ஆயா பிள்ளைகளைக் காவல் காத்தார், அவ்வளவே. இன்று அவற்றுட் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் பொறுப்பாக உள்ளனர். குறைகள் நிறைய உண்டு, கட்டடங்கள் பழையன. ஆனால் அங்கு ஒரு பதவி இருந்தது, அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்பளம் இருந்தது. பயிற்சி நிலைப்பதற்கு அது ஒரு பிடிமானமாயிற்று.

மற்றைய உதாரணம் வன்னி. 2009 இல் போர் முடிந்த பின்னர், அங்குள்ள முன்பள்ளிகள் ஒரு தொகுதி பாதுகாப்பு அமைச்சைச் சார்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதன் ஆசிரியைகளுக்கு அயற்கிராமத்து ஆசிரியைகளைவிடப் பல மடங்கு சம்பளம் கிடைத்தது. சிறு பிள்ளைகளின் கல்வி பாதுகாப்புத் துறையின் கையில் இருப்பது பொருத்தமன்று என்று பலர் வாதிட்டனர். எமது எண்ணமும் அதுவே. ஆனால் போரில் கணவனை இழந்து, கடனுடன் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணிடம் அந்தச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லும்படி எந்த முகத்தோடு கேட்பது? கல்வித் துறை கொடுக்காததை வேறொரு துறை கொடுத்தது.

பிரதேச மட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர் சங்கங்கள் பல இடங்களில் உள்ளன. விளையாட்டு விழா, ஆசிரியர் தினம், கண்காட்சி என்பவற்றை அவை சிறப்பாக நடத்துகின்றன. அதே கூட்டங்களில் மாதம் ஒரு மணித்தியாலத்தையாவது வேலையைப் பற்றிப் பேச ஒதுக்கலாம். ஒரு மாதம் ஒருவருடைய வகுப்பை மற்றவர்கள் சென்று பார்க்கலாம். அடித்தல், பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசுதல், குடும்ப இரகசியங்களை வெளியிடல் ஆகியவை பற்றித் தமது சொந்தச் சொற்களில் பத்து வரிகளில் ஒரு விதிக்கோவை எழுதி, பெற்றார் கூட்டத்தில் வாசிக்கலாம். இதற்குக் கொழும்பிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை.

முகாமைக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. பங்கு, சங்கம், நிறுவனம் எதுவானாலும் ஆசிரியையிடம் எழுத்தில் ஒரு நியமனக் கடிதம் கொடுத்துள்ளீர்களா? பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியும் அதை நிரூபிக்க ஒரு தாள்கூட இல்லாமல் நிற்கும் ஆசிரியைகளை நாம் அறிவோம். அரசு கொடுப்பனவோ பயிற்சி அனுமதியோ வரும்போது முதலிற் கேட்கப்படுவது அந்தத் தாளே. கடிதத்தில் சேவை ஆரம்பித்த திகதி, வேலை நேரம், மாதாந்தத் தொகையும் அது வழங்கப்படும் நாளும், விடுமுறை மாதங்களில் அது வழங்கப்படுமா என்பது, சுகவீன லீவு, பிரசவ லீவு, விலக வேண்டின் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பன தெளிவாக இருக்கட்டும். இரு பிரதிகள் எடுத்து இரு தரப்பாரும் ஒப்பமிட்டு, ஒன்றை ஆசிரியையிடம் கொடுத்து மற்றதை முன்பள்ளிக் கோவையில் வைக்க வேண்டும். தலைவரோ பங்குத்தந்தையோ மாற்றலாகிப் போகும்போது அக்கோவையும் புதியவரிடம் கையளிக்கப்பட வேண்டும்.